செப்டிக் டேங்க் உள்ள வீட்டை வாங்கும் முன்: வேலூர்ப் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வீடு வாங்குகிறவர்கள் பட்டாவைப் பார்க்கிறார்கள், முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள், வாசல் எந்தத் திசை, சமையலறை எந்த மூலை என்றும் பார்க்கிறார்கள். போர்டிகோவில் கார் நிற்கும் இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. என் வீட்டை வாங்கியபோது நானும் பார்க்கவில்லை. குடிபுகுந்த முதல் ஐப்பசி மழையிலேயே கீழ்த்தளக் கழிப்பறை நிரம்பி, தண்ணீர் கூடம்வரை வந்துவிட்டது. புதுத்தரையை உடைத்துத்தான் சரிசெய்ய முடிந்தது.

அதன்பிறகு காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம், தொரப்பாடி என்று வீடு பார்க்கப் போகும் உறவினர்களோடும் நண்பர்களோடும் கூடவே போய்வருகிறேன். பெரும்பாலும் அவர்கள் தவறுவது சோதனையில் அல்ல, சோதனையின் வரிசையில். நிறைந்திருக்கும்போது பார்க்க வேண்டியதைக் காலியான பிறகு பார்க்கிறார்கள். முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியதைப் பதிவு முடிந்த பிறகு கேட்கிறார்கள். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஏழெட்டு அடி நீளமுள்ள ஒரு மூங்கில் கழி, பழைய வெள்ளை வேட்டித் துணி, அளவு நாடா, நல்ல டார்ச் விளக்கு, சொட்டு நீலம் ஒரு புட்டி, கையுறை. தொட்டியின் மூடியைத் தூக்கக் கடப்பாரையோடு ஒரு கொத்தனாரையும் அழைத்துக்கொள்ளுங்கள். விற்பவரின் கொத்தனார் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கட்டும். மூடியைத் திறக்க வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். போன இடத்தில் கேட்டால் சங்கடப்படுவார்கள்.

தீப்பெட்டி, பீடி, சிகரெட், மெழுகுவர்த்தி எதுவும் அந்தப் பக்கம் வரக் கூடாது. தொட்டிக்குள் மீத்தேன் இருக்கும், அது தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். அது குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்; மிகுந்துவிட்டால் மூக்கு உணர்விழந்து நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் இல்லை என்பதை வைத்துக் குனிந்து தலையை உள்ளே நீட்டிவிடாதீர்கள்.

1. பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டா என்று உறுதிசெய்யுங்கள்

வேலூர் மாநகராட்சியில் எல்லாத் தெருவுக்கும் பாதாளச் சாக்கடை ஒரே மாதிரி வந்துவிடவில்லை. தெருவில் ஆள்நுழைவுக் குழியின் வட்ட மூடி தெரிகிறது என்றால் குழாய் புதைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். இந்த வீடு அதில் சேர்ந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. இணைப்புக்குக் கட்டிய ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் வீட்டின் வரி எண்ணைச் சொல்லி விசாரியுங்கள்.

ஊசூர், அணைக்கட்டு போன்ற ஊராட்சிப் பக்கங்களில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே தொட்டியை நம்பித்தான் வீடு. தரகர் "அடுத்த வருடம் பாதாளச் சாக்கடை வந்துவிடும்" என்று சொன்னால் அதற்காக விலையில் ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள். இன்றைக்கு இருக்கும் தொட்டியைப் பார்த்தே விலை பேசுங்கள்.

2. வரைபடத்தில் தொட்டியைத் தேடுங்கள்

அனுமதி பெற்ற கட்டட வரைபடத்தில் செப்டிக் டேங்கும், அதிலிருந்து வெளியேறும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியும் குறிக்கப்பட்டிருக்கும். சில வீடுகளில் தொட்டி வரைபடத்தில் வடமேற்கு மூலையில் இருக்கும். நேரில் போனால் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும். கட்டும்போது மேஸ்திரி இடம் மாற்றியிருப்பார். மாற்றியது குற்றம் என்று சொல்லவில்லை. எங்கே மாற்றினார் என்று வீட்டுக்காரருக்கே தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை.

மூடி எங்கே என்று கண்டுபிடிக்க முடியாத வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள், அல்லது பிறகு கட்டிய சமையலறை அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அப்படியென்றால் ஒருநாள் அந்தத் தரையை உடைத்தாக வேண்டும். அந்தச் செலவு உங்கள் கணக்கில் வராதபடி இப்போதே பேசிவிடுங்கள். கழிவை உறிஞ்சி எடுக்கும் லாரியின் குழாய் தெருவிலிருந்து மூடிவரை எட்டுமா என்றும் நடந்து பாருங்கள். குறுகலான சந்துகளில் இது பெரிய சிக்கல்.

3. தொட்டி நிறைந்திருக்கும்போதே திறந்து பாருங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள், விற்பவர் ஏமாற்ற நினைக்காதபோதும்கூட. "நீங்கள் வருகிறீர்கள் என்று நேற்றே லாரி வைத்துச் சுத்தம் செய்துவிட்டோம்" என்பார்கள். மரியாதைக்காகச் செய்ததுதான். ஆனால் காலியான தொட்டி ஒன்றும் சொல்லாது. தண்ணீர் எங்கே நின்றது என்பதில்தான் அந்த வீட்டின் முழு ஜாதகமும் இருக்கிறது. அப்படிச் சுத்தம் செய்திருந்தால் நன்றி சொல்லிவிட்டு, வழக்கம்போல் வீடு புழங்கட்டும், ஒரு மாதம் கழித்து வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். ஆள் இல்லாத வீடு என்றால் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரால் நிரப்பச் சொல்லி, மூன்று நாள் கழித்துப் பாருங்கள்.

மூடியைத் தூக்கியதும் சிறிது நேரம் காற்றோட விட்டுத் தள்ளி நில்லுங்கள். பிறகு டார்ச் அடித்து, வெளியேறும் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். குழாயின் அடிவிளிம்புக்குச் சமமாகத் தண்ணீர் நின்றால் தொட்டி ஒழுங்காக வேலை செய்கிறது. குழாய் மூழ்கிக் கிடந்தால் உறிஞ்சுகுழி தண்ணீரை இழுக்கவில்லை, அல்லது குழாய் அடைத்திருக்கிறது. குழாய்க்குக் கீழே ஓரடி இரண்டடி இறங்கிக் கிடந்தால் தொட்டியே ஒழுகுகிறது.

மூன்றாவதைத்தான் மக்கள் நல்லது என்று நினைத்துக்கொள்கிறார்கள். விருதம்பட்டுப் பக்கம் ஒரு வீட்டில் அந்த அம்மா பெருமையாகவே சொன்னார்: "தம்பி, கட்டிப் பதினெட்டு வருடம் ஆகிறது. ஒருமுறைகூட லாரி வந்ததில்லை." மூடியைத் திறந்தோம். அது தொட்டியே இல்லை. சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியைத் திறந்தே விட்டிருந்தார்கள். பதினெட்டு வருடக் கழிவு நீர் மண்ணில் இறங்கியிருக்கிறது. அந்த உறையிலிருந்து பதினான்கு அடியில் அவர்கள் போர்வெல். நாடாவைப் பிடித்து அளந்தபோது அந்த அம்மாவின் முகம் மாறியதை மறக்க முடியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். லாரி வரவே தேவைப்படாத செப்டிக் டேங்க் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. கசடு சேர்ந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும்.

அடுத்து மூங்கில் கழி. கீழ்ப்பாதியில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டி, மெதுவாக அடிவரை இறக்கி, சிறிது நேரம் வைத்திருந்து நேராகத் தூக்குங்கள். கசடு இருந்த உயரம்வரை துணி கருப்பாக ஒட்டியிருக்கும். அதற்குமேல் வெளிர் பழுப்பாக இருக்கும். மேலே ஆடைபோல் மிதக்கும் கழிவுப் படலமும் அடிக்கசடும் சேர்ந்து தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், கசடு உறிஞ்சுகுழிக்குப் போய்ச் சேரத் தொடங்கியிருக்கும். உறிஞ்சுகுழி ஒருமுறை கசடால் அடைத்துக்கொண்டால் அதைத் திருப்பிக் கொண்டுவருவது கடினம்.

4. உங்கள் கண்ணெதிரே காலி செய்யச் சொல்லுங்கள்

நிறைந்த நிலையைப் பார்த்து, படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் லாரி. உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் பெற்ற லாரியாக இருக்கட்டும். 14420 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். உரிமம் இல்லாதவர்கள் எடுத்த கழிவை இருட்டில் ஏரியிலோ ஆற்றோரத்திலோ திறந்துவிட்டுப் போகிறார்கள். அது திரும்பி வருவது நம் ஊர்க் கிணற்றுக்குத்தான்.

யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. கொத்தனாரானாலும், லாரியோடு வந்தவரானாலும், "இரண்டே நிமிடம் அண்ணே, இறங்கிப் பார்த்துவிடுகிறேன்" என்று அவரே முன்வந்தாலும் விடாதீர்கள். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்கில் இறக்குவது குற்றம். முதல்முறைக்கே இரண்டு வருடம்வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள், ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறந்த செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்.

லாரி உறிஞ்சும்போது வெளியேறும் குழாயையே பார்த்துக்கொண்டிருங்கள். தொட்டியின் மட்டம் இறங்க இறங்க, அந்தக் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பித் தொட்டிக்குள் கொட்டுகிறதா? கொட்டினால் உறிஞ்சுகுழி விளிம்புவரை நிரம்பி நிற்கிறது. இந்த ஒரு காட்சிக்காகவே லாரிச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டாலும் நட்டமில்லை.

5. காலியான தொட்டியை வெளியிலிருந்தே அளந்து பாருங்கள்

டார்ச் வெளிச்சத்தில் நான்கைப் பாருங்கள்: அடியில் கான்கிரீட் தளம் இருக்கிறதா, சுவர்ப் பூச்சு உதிர்ந்திருக்கிறதா, நடுத்தடுப்புச் சுவர் நிற்கிறதா, உள்ளே வரும் குழாயிலும் வெளியே போகும் குழாயிலும் டீ வடிவ வளைவு மாட்டியிருக்கிறதா. அந்த டீ இல்லையென்றால் மேலே மிதக்கும் ஆடை நேராக உறிஞ்சுகுழிக்குப் போய்விடும். மாட்டுவதற்கு அதிகச் செலவாகாது, ஆனால் பழைய வீடுகள் பலவற்றில் அது இருப்பதில்லை.

பிறகு நீள அகல ஆழம். ஐந்து பேர் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தியத் தரநிர்ணயம் சொல்வது 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், தண்ணீர் ஆழம் 1 மீட்டர். பத்துப் பேருக்கு 2 மீட்டர், 0.9 மீட்டர்; இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுப்பதாக இருந்தால் ஆழம் 1.4 மீட்டர். தண்ணீர் மட்டத்துக்கு மேல் 30 சென்டிமீட்டர் காலி இடம் தனியாக வேண்டும். அடிக்கணக்கில் அளந்தால் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி, வருவதை 28.3 ஆல் பெருக்குங்கள், லிட்டர் கிடைக்கும். ஆயிரம் லிட்டருக்குக் கீழே இருந்தால் அதைத் தொட்டி என்றே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த ஊரில் இந்தக் கணக்குக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் வெளியூர் நோயாளிகளின் குடும்பங்களுக்கும், விஐடி மாணவர்களுக்கும் மாடி அறைகளை வாடகைக்கு விடுவது இங்கே பல குடும்பங்களின் வருமானம். ஐந்து பேருக்குக் கட்டிய தொட்டியின்மேல் இரண்டு மாடி எழும்பியிருக்கும். பதினைந்து இருபது பேர் புழங்குவார்கள். கழிவு நீர் தொட்டியில் ஒருநாளாவது தங்கினால்தான் கசடு அடியில் இறங்கும். ஆள் கூடினால் தங்கும் நேரம் குறைகிறது, கலங்கலாகவே வெளியேறுகிறது. வாடகை வருமானத்தைக் காட்டி விலையை ஏற்றிச் சொன்னால், அத்தனை பேருக்கான தொட்டி எங்கே என்று அங்கேயே கேளுங்கள்.

செங்கல்லாலோ கான்கிரீட்டாலோ கட்டிய தொட்டி என்றால் ஓர் இரவு காலியாக விட்டு, மறுநாள் காலையில் பாருங்கள். அந்த இரவு யாரும் கழிப்பறையைப் பயன்படுத்தாமல் இருக்க வேண்டும், மூடியையும் திரும்ப மூடிவைக்க வேண்டும். காலையில் அடியில் தண்ணீர் ஏறியிருந்தால் விரிசல் வழியே நிலத்தடி நீர் வருகிறது. பிளாஸ்டிக், பைபர் தொட்டிகளுக்கு இந்தச் சோதனை வேண்டாம். பாலாற்றங்கரைப் பக்கம் மழைக்காலத்தில் நீர்மட்டம் மேலே இருக்கும்போது காலித்தொட்டி மிதந்து எழுந்து குழாய்களைப் பிய்த்துவிடும். காலி செய்த கையோடு தண்ணீர் நிரப்பச் சொல்லுங்கள்.

6. உறிஞ்சுகுழியையும் அது நிற்கும் மண்ணையும் பாருங்கள்

தொட்டி கழிவை முழுதாகச் சுத்தம் செய்வதில்லை. கசடைப் பிடித்து வைத்துக்கொண்டு நீரை அனுப்புகிறது. மீதி வேலை மண்ணுடையது. வேலூரில் மண் தெருவுக்குத் தெரு மாறும். மலையடிவாரத்தில் நான்கடி தோண்டினால் பாறை. ஏரியை ஒட்டிய மனைகளில் களிமண். ஆற்றோரம் மணல். பாறையும் களிமண்ணும் தண்ணீரைக் குடிக்காது. மணல் மிக வேகமாகக் குடிக்கும். அதனால் வடிகட்டாமலே நிலத்தடி நீருக்கு அனுப்பிவிடும். மணல் என்றதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

பழைய குழி தோற்றுப்போய்ப் புதிதாக எடுக்க வேண்டியிருந்தால், முதலில் மண்ணைச் சோதியுங்கள். குழி வரப்போகும் ஆழத்துக்கு நான்கு அங்குல அகலத் துளை போட்டு, அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி கொட்டி, ஓரடி உயரம் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் மறுபடி ஊற்றி, மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். அரை மணிக்குள் இறங்கினால் உறிஞ்சுகுழி போடலாம். ஊறவிடாமல் காய்ந்த மண்ணில் உடனே அளப்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை. சித்திரை மாதத்து மண் எதை ஊற்றினாலும் குடிக்கும்.

சில வீடுகளில் உறிஞ்சுகுழியே இல்லாமல், தொட்டியின் குழாயைத் தெருவோர மழைநீர்க் கால்வாயில் விட்டிருப்பார்கள். இது சட்டப்படி தவறு. மாநகராட்சி அடைத்துவிட்டால் அன்றைக்கே வீட்டுப் புழக்கம் நின்றுவிடும். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. தொட்டியைக் காலி செய்த பிறகு, தொட்டிக்கு அடுத்த சேம்பரில் (குழாய் வழியில் மூடியோடு இருக்கும் சிறு குழியில்) இரண்டு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஊற்றுங்கள். ஒருவரைத் தெருக்கால்வாயில் நிறுத்திவையுங்கள். நீலம் அங்கே வந்தால் விடை கிடைத்துவிட்டது. கழிப்பறையில் நீலம் ஊற்றிப் பார்ப்பவர்கள் உண்டு; நிறைந்த தொட்டியின் கருப்பில் அது கரைந்து காணாமல் போய்விடும்.

கோடையில் வீடு பார்ப்பவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: "2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அந்த மழையில் இந்தத் தெருவில் கழிப்பறைத் தண்ணீர் இறங்கியதா?" அந்த மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். விற்பவரைவிட அண்டை வீட்டுப் பெண்கள் உண்மையாகப் பதில் சொல்வார்கள்.

7. கிணறு, போர்வெல், சம்ப்

குடிநீர் ஆதாரத்திலிருந்து உறிஞ்சுகுழி 18 மீட்டர், அதாவது சுமார் அறுபதடி தள்ளி இருக்க வேண்டும் என்பது தரநிர்ணயம். வீட்டிலிருந்து 6 மீட்டர். முப்பதுக்கு நாற்பது மனையில் இது நடக்காது என்பது எனக்கும் தெரியும். அதனால் அளவைக் குறித்துக்கொண்டு தண்ணீரைச் சோதியுங்கள். உங்கள் குழியை மட்டும் அளந்தால் போதாது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் குழி உங்கள் போர்வெல்லுக்கு இன்னும் அருகில் இருக்கலாம்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதிக்கலாம். உப்பை மட்டும் கேட்காதீர்கள். நைட்ரேட்டும், மலத்திலிருந்து வரும் கிருமியான ஈ-கோலையும் பாருங்கள் என்று சொல்லிக் கொடுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஈ-கோலை நூறு மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் சுத்தமான புட்டியிலேயே பிடியுங்கள், பழைய தண்ணீர் பாட்டிலில் அல்ல.

காவிரிக் குடிநீர் வருகிறது, போர்வெல் துணி துவைக்கத்தான் என்பார்கள். அந்தக் காவிரித் தண்ணீர் நிற்பது எங்கே? தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பில். சம்ப்பும் செப்டிக் டேங்கும் ஒரே நடுச்சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடு என்றால், சம்ப்பின் மட்டம் இறங்கும் ஒவ்வொரு முறையும் விரிசல் வழியே எதிர்ப்பக்கத்து நீர் கசியும். அப்படிப்பட்ட வீட்டில் சம்ப்பை வேறிடத்தில் புதிதாகக் கட்டியே ஆக வேண்டும். பூச்சு வேலையால் சமாளிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

8. கண்டதை விலையிலும் ஒப்பந்தத்திலும் எழுதுங்கள்

வங்கிக் கடனுக்காக வரும் மதிப்பீட்டாளர் மூடியைத் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் கட்டடத்துக்கு மதிப்புப் போட வருகிறார். வில்லங்கச் சான்றிலும் தொட்டி வராது. ஆகவே எழுத வேண்டிய இடம் கிரய ஒப்பந்தம் ஒன்றுதான்.

பழுதுக்கு இரண்டு கொத்தனார்களிடம் மதிப்புக் கேட்டு, அந்தத் தொகையை விலையில் கழியுங்கள். விற்பவரே சரிசெய்து தருவதைவிட இதையே நான் விரும்புகிறேன். விற்றுவிட்டுப் போகிறவர் மலிவாகத்தான் செய்வார். அவரே செய்வதாக இருந்தால் இப்படி ஒரு வரி எழுதுங்கள்: "பத்திரப் பதிவுக்கு முன் செப்டிக் டேங்கின் இரு குழாய்களுக்கும் டீ பொருத்தி, புதிய உறிஞ்சுகுழி அமைத்து, வாங்குபவர் முன்னிலையில் தண்ணீர் விட்டுக் காட்டித் தருவதாக விற்பவர் ஒப்புக்கொள்கிறார், தவறினால் இன்ன தொகையைக் கிரயத் தொகையில் கழித்துக்கொள்ளலாம்." "நல்ல நிலையில் தரப்படும்" என்று மட்டும் எழுதினால் அதற்கு ஆளுக்கொரு பொருள்.

இவையெல்லாம் முன்பணத்துக்கு முன் முடிய வேண்டும். முன்பணம் கைமாறிய பிறகு மூடியைத் திறக்கச் சொன்னால், "அதையெல்லாம் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்" என்பார்கள்.

9. குடிபுகுந்த முதல் மாதத்தில்

மூடிக்குக் கைப்பிடி வைத்து, எளிதாகத் திறக்கும்படி செய்யுங்கள். ஆனால் குழந்தைகளால் தூக்க முடியாத கனம் இருக்க வேண்டும். காற்றுக்குழாயின் உச்சியில் கொசுவலை கட்டுங்கள். செப்டிக் டேங்க் கொசுவுக்குப் பிடித்த இடம்.

தொட்டியில் போடச் சொல்லி விற்கும் பொடிகள் தேவையில்லை. வேலை செய்யும் நுண்ணுயிர்கள் கழிவிலேயே இருக்கின்றன. அவற்றைக் கொல்லாமல் இருந்தால் போதும். அதனால் ஆசிட்டைக் கொட்டிக் கழிப்பறை கழுவும் வழக்கத்தை விடுங்கள். அணையாடை, நாப்கின், சமையல் எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது. தொட்டிக்கும் குழிக்கும் பக்கத்தில் வேம்போ முருங்கையோ வைக்காதீர்கள். வேர் ஈரத்தைத் தேடிக் குழாய்க்குள் வந்துவிடும். வாழை வைக்கலாம்.

காலி செய்த தேதியை மூடிக்கு நேரெதிரே சுற்றுச்சுவரில் பெயிண்டால் எழுதிவையுங்கள். அதன் கீழே தொட்டியின் நீள அகல ஆழத்தையும், உறிஞ்சுகுழி எந்தப் பக்கம் எத்தனை அடியில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். என் வீட்டுச் சுவரில் நான்கு தேதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் லாரிக்காரர் வந்ததும் முதலில் படிப்பது அதைத்தான்.